நுரைக்காத தண்ணீர்

அத்தியாயம் 9

கப்பியில் தொங்கிய பாவாடைத் துணி டிரம்மை விட்டு முழுசாக மேலே வந்தது. மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

இடுப்புப் பக்கம் கருநீலம். அங்கிருந்து மெல்ல மெல்ல வெளுத்து, விளிம்பில் நுரை ஒதுங்கிய மாதிரி வெள்ளைக் கோடுகள். அப்படித்தான் வந்திருக்க வேண்டும். வந்ததோ தேமல் விழுந்த முதுகு. ஒரு இடத்தில் நீலம், பக்கத்திலேயே சாம்பல், நடுவில் ஒரு கை அகலத்துக்கு ஒன்றுமே இல்லை.

"போச்சி" என்றான் ஜோஷ்வா.

"வாயை மூடு யோவ்" என்றாள் ரூத்.

இந்த வாரம்தான் இந்த வீட்டுக்குள் நுழைகிறவர்களுக்காக நாலு வரி. ரூத், தாம்பரம் பக்கம் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் ஒன்பது வருஷம் சட்டைக் காலர் தைத்தவள். காலர் மட்டும். ஒரு முழுச் சட்டை எப்படி முடியும் என்பதை அங்கே அவள் பார்த்ததே இல்லை. ஆறு மாதம் முன்பு அந்த வேலையை விட்டுவிட்டு, நெம்மேலியில் தன் வீட்டு முன்னால் ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை போட்டு, நாடகத்துக்கும் நடனத்துக்கும் உடை தைக்க ஆரம்பித்தாள். கூட இருப்பவர்கள் புருஷன் ஜோஷ்வா, அவனுடைய அக்கா சாராள். ஜோஷ்வா கல்பாக்கம் டவுன்ஷிப்பில் கான்ட்ராக்ட் எலக்ட்ரீஷியன். சாராள் கட்டியவனை விட்டு வந்து நாலு வருஷமாகத் தம்பி வீட்டில் இருக்கிறாள்.

டவுன்ஷிப்பில் நடன வகுப்பு நடத்தும் ஞானம்பாள் டீச்சர் இந்த வருஷம் கடலை வைத்து ஒரு நாட்டிய நாடகம் போடுகிறார். பதினெட்டுப் பெண்கள் அலைகளாக வருகிறார்கள். சென்னையிலிருந்து வாடகைக்கு வரும் சாட்டின் உடை டீச்சருக்குப் பிடிக்கவில்லை. "லைட் பட்டா கண்ணைக் குத்துது. துணி அசைஞ்சா தண்ணி அசையற மாதிரி இருக்கணும்" என்றார். டிசம்பரில் ரூத் மெல்லிய மல் துணியில் ஒரு மாதிரி செய்துகொண்டு போய்க் காட்டினாள். டீச்சர் அதை மடியில் விரித்து, மகள் சஹானாவைக் கூப்பிட்டுக் காட்டி, அங்கேயே பதினெட்டுக்கும் சொல்லிவிட்டார்.

அன்றைக்கு அவ்வளவு அழகாக வந்தது. இப்போது பிப்ரவரி. நிகழ்ச்சி அடுத்த ஞாயிற்றுக்கிழமை. மூன்று தடவை சாயம் போட்டாகிவிட்டது, மூன்று தடவையும் தேமல். உபரியாக வாங்கிய துணி தீர்ந்துபோனது. இனி ஒன்று வீணானால் பதினெட்டு அலை பதினேழாகிவிடும்.

"நீ கயித்த வெடுக்குனு இழுத்த" என்றாள் ரூத். "அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு சாண்தான் ஏத்தணும்னு எத்தினி வாட்டி சொன்னேன்?"

"வாட்ச்ச பாத்துகினுதாம்மே ஏத்தினேன்! லீவு போட்டுட்டு வந்து கயிறு புடிச்சிகினு நிக்கறேன், எம்மேலயே பாயறியா? அக்காவ கேளு. மெழுகு சரியா காயல, அதான் சாயம் உள்ள பூந்துச்சி."

சாராளுக்குச் சுருக்கென்றது. தகரப் பட்டையை இடுக்கியால் வளைத்து வளைத்து, பலகைத் துண்டில் ஆணியடித்து, அந்த நுரை அச்சை அவள்தான் செய்திருந்தாள். அடுப்பில் உருகிய மெழுகில் அச்சைத் தொட்டுத் துணியில் வைத்து எடுத்தால், மெழுகு உட்கார்ந்த இடத்தில் சாயம் ஏறாது. பிறகு கொதிநீரில் மெழுகைக் கழற்றினால் வெள்ளை நுரை. நான்கு நாளாக விரல் நுனி வெந்து வெந்து அதைத்தான் செய்துகொண்டிருந்தாள்.

"மெழுகு விளிம்புல கீதுடா. தேமல் நடுவுல கீது. கண்ணு தெரியலியா ஒனக்கு?"

"அப்ப சாயத்தூளு பழசு."

"நேத்துதான் சீல் ஒடச்சேன்" என்றாள் ரூத்.

"அப்ப சோடா கம்மி."

"தராசுல நிறுத்துப் போட்டேன்!"

கத்திவிட்டு அவள் திரும்பிக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. அழுகை இல்லை, ஆத்திரம். ஒரு நோட்டில் எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தாள். இவ்வளவு சாயத்தூள், இவ்வளவு கல்லுப்பு, இவ்வளவு வாஷிங் சோடா, இத்தனை நிமிஷம். டிசம்பரில் எழுதியது அதுதான். இன்றைக்குச் செய்ததும் அதுவேதான். ஒரே கணக்குக்கு ரெண்டு விடை எப்படி வரும்? கம்பெனியில் காலர் கோணினால் மெஷினைக் குற்றம் சொல்லலாம், மெக்கானிக்கைக் கூப்பிடலாம். இங்கே யாரைக் கூப்பிடுவது?

சாராள் குழாயடியில் உட்கார்ந்து கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நீலம் போகவில்லை. சோப்பு தயிர் திரிந்த மாதிரி கட்டி கட்டியாகக் கையில் ஒட்டியது.

"சனியம்புடிச்ச போர் தண்ணி. ஒரு சோப்பு கரையும், ஒரு பொட்டு நுரை வராது."

ரூத் திரும்பிப் பார்த்தாள்.

"அண்ணி, இன்னா சொன்னீங்க?"

"நுரையே வரலன்னு சொன்னேன்."

ரூத் ஓடிப்போய் நோட்டை எடுத்தாள். டிசம்பர் பக்கம். சாயம், உப்பு, சோடா, நிமிஷம். தண்ணீர் என்ற இடத்தில் 'ஒரு வாளி' என்று மட்டும் இருந்தது. எந்தத் தண்ணீர் என்று எழுதவில்லை. எழுதத் தோன்றவில்லை.

"மழைத் தண்ணி" என்றாள். "அன்னிக்கு மோட்டார் ரிப்பேரு. கூரையோரம் பீப்பாய்ல புடிச்சி வெச்ச மழைத் தண்ணில போட்டோம். ஞாபகம் கீதா?"

"ஆமா" என்றான் ஜோஷ்வா. "ஆனா போர் தண்ணி உப்பு. நீயே கல்லுப்பு அள்ளி அள்ளிக் கொட்டற. உப்போட உப்பு சேந்தா இன்னா கெட்டுப்போவுது?"

"இது அந்த உப்பு இல்ல. இதுல சுண்ணாம்பு மாதிரி எதுவோ கீது. வெந்நி வெச்சா பாத்திரத்துல வெள்ளையா படியுதே, அது. அதான் சாயத்தப் புடிச்சிக்குது."

காரணம் தெரிந்ததும் ஒரு நிமிஷம் நிம்மதியாக இருந்தது. அடுத்த நிமிஷமே அந்த நிம்மதி போய்விட்டது. இந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. பீப்பாய் காய்ந்து ஒரு மாதமாகிறது. ஒரு பாவாடைக்கு அரை டிரம் தண்ணீர் வேண்டும். பதினெட்டுக்கு?

"நல்ல தண்ணி ஒரே எடத்துலதான் கீது" என்று ஜோஷ்வா ஆரம்பித்தான். அக்காவைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திவிட்டான்.

அந்த இடம் எது என்று மூன்று பேருக்கும் தெரியும். ஊர்ப் பக்கம், சவுக்குத் தோப்புக்கு அப்பால், ராஜாராமின் தென்னந்தோப்புக் கிணறு. ஜோஷ்வாவின் அப்பா மோசே இருபது வருஷம் அந்தத் தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சியவர். ஒரு சித்திரையில் வீட்டில் அம்மாவுக்குக் காய்ச்சல். அந்தக் கிணற்றிலிருந்து ஒரு குடம் வீட்டுக்கு எடுத்து வந்தார் மோசே. ராஜாராம் பாதி வழியில் மறித்து, குடத்தைப் பிடுங்கி மண்ணில் கவிழ்த்தார். கூலிக்கு வந்த அத்தனை பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் சாராள். அப்போது அவளுக்குப் பதினாலு வயது.

மறுநாளும் அப்பா அதே தோப்புக்கு வேலைக்குப் போனார். சாராளால் இன்றுவரை ஆற்றிக்கொள்ள முடியாதது அதுதான்.

"அங்க யாரும் போவ வேணாம்" என்றாள் ரூத். "நான் டீச்சராண்ட போறேன். டவுன்ஷிப் கொழாய்ல பாலாத்துத் தண்ணி."

"கெட்டுப்போன துணிய எடுத்துகினா?" ஜோஷ்வா பதறினான். "நான் அந்த குவார்ட்டர்ஸ்ங்கள்ல ஃபேன் மாட்டிகினு கீறேன். நாளைக்கு என் மூஞ்சிய எங்க வெச்சிப்பேன்?"

"உன் மூஞ்சிய நான் எடுத்துகினு போவல. என் துணியத்தான் எடுத்துகினு போறேன்."

* * *

ஞானம்பாள் டீச்சர் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முன்னறையில் சஹானாவும் இன்னும் நாலு பெண்களும் சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு அலைக்கான அடவைப் பழகிக்கொண்டிருந்தார்கள். ஜதி சொல்வதை நிறுத்திவிட்டு அவர்களும் எட்டிப் பார்த்தார்கள்.

"என்னம்மா இது?"

ரூத் சொன்னாள். மழைத் தண்ணீர், போர் தண்ணீர், நோட்டில் எழுதாமல் விட்டது, எதையும் மறைக்கவில்லை.

டீச்சர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "வியாழக்கிழமை டிரஸ் போட்டு ரிகர்சல்னு எல்லா பேரன்ட்ஸுக்கும் சொல்லிட்டேன் ரூத். நீ ரெண்டு மாசம் முன்னாடி காமிச்சதை நம்பித்தானே வாடகைக்காரனை வேண்டாம்னேன்? இப்ப அவன்கிட்ட எந்த முகத்தோட போன் பண்ணுவேன்?"

"பண்ணாதீங்க டீச்சர். நல்ல தண்ணி கெடைச்சா வந்துடும். இங்கயே, உங்க பின்கட்டுல போட்டுக்கறேன். ரெண்டு நாள் போதும்."

"இங்கயா? இது கவர்ன்மென்ட் குவார்ட்டர்ஸ்மா. வெளியாள் வந்து டிரம் வெச்சு சாயம் காய்ச்சினா எஸ்டேட் ஆபீஸ்ல கேப்பாங்க. எங்க வீட்டுக்காரர் ரிட்டயர் ஆகப் போற நேரம்."

கெட்ட மனசோடு சொல்லவில்லை. அது ரூத்துக்கும் தெரிந்தது. தெரிந்ததனால் கோபத்தை வைக்க ஒரு இடம்கூட இல்லாமல் போனது.

"ஒரு கேன் தண்ணி வேணா பிடிச்சுக்கோ" என்றார் டீச்சர். "நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள ஒரே ஒரு பாவாடை, முழுசா, சரியா வந்ததைக் கொண்டுவந்து காட்டு. இல்லேன்னா திங்கக்கிழமை காலையில சாட்டினுக்குச் சொல்லிடுவேன். தப்பா நினைக்காதே."

சஹானாதான் சமையலறைக் குழாயில் கேனைப் பிடித்துக் கொடுத்தாள். "அக்கா, அந்த சாட்டின் பாவாடை காலை வாரும். போன வருஷம் ஸ்டேஜ்லயே விழுந்தேன். எப்படியாவது கொண்டாந்துடுங்க" என்று காதோரமாகச் சொன்னாள்.

இருபது லிட்டர் கேனைத் தூக்கிக்கொண்டு ரூத் இரண்டு பஸ் மாறினாள். மாமல்லபுரத்தில் ஏறிய பஸ்ஸில் கண்டக்டர், "இன்னாம்மா, லக்கேஜா? சாராயமா?" என்று மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தான். "தண்ணி" என்றாள். "தண்ணியவா பஸ்ல ஏத்திகினு வர? சமுத்திரத்தாண்ட குடியிருந்துகினு?" பஸ்ஸே சிரித்தது. ரூத் கேனைக் காலுக்கிடையில் இறுக்கிக்கொண்டு ஜன்னல் வழியே பார்த்தாள். வழி நெடுகக் கடல் கூடவே வந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எரிச்சலாக இருந்தது.

* * *

மதியம் மூன்று மணிக்கு, இன்னும் சாயத்தில் இறக்காத ஒரு பாவாடையிலிருந்து ஒரே ஒரு பட்டையை மட்டும் பிரித்தெடுத்து, அந்த இருபது லிட்டரில் சாயம் கரைத்தாள். ஜோஷ்வா வாட்ச்சைக் கழற்றி ரூத்தின் கையிலேயே கொடுத்துவிட்டுக் கயிற்றைப் பிடித்தான். அவள் சொன்னபோது ஏற்றினான், நிறுத்து என்றால் நிறுத்தினான். ரெண்டு பேரும் ஒரு வார்த்தை சண்டை போடவில்லை. போட யாருக்கும் தெம்பில்லை.

நாலரைக்குத் துணி மேலே வந்தது.

கருநீலம். நீலம். இளநீலம். அதற்கும் கீழே, நீலம் என்று சொல்லவும் முடியாத ஒரு சாயல். சாராள் கொதிநீரில் முக்கி மெழுகைக் கழற்றினாள். வெள்ளை நுரை வரிசையாக விரிந்தது. ஜோஷ்வா கப்பியை லேசாக ஆட்டினான். துணி அசைந்தது. தண்ணீர் அசைகிற மாதிரியே அசைந்தது.

"சூப்பர்மே" என்றான் அவன், வேறு வார்த்தை கிடைக்காமல்.

ரூத் சந்தோஷப்படத்தான் நினைத்தாள். முடியவில்லை. ஒரு பாவாடைக்கு எட்டுப் பட்டை. ஒரு கேனுக்கு ஒரு பட்டை. டிரம்மில் முழுசாகப் போட்டாலும் நாளைக்குக் காட்ட வேண்டிய ஒன்றுக்கே அரை டிரம் வேண்டும். எப்படிச் செய்வது என்பது இப்போது துல்லியமாகத் தெரிந்துவிட்டது, செய்யத்தான் தண்ணீர் இல்லை. தெரியாமலே இருந்திருந்தால் திங்கட்கிழமை டீச்சர் போன் செய்ததும், நமக்கு வராத வேலை என்று விட்டுத் தொலைத்திருக்கலாம்.

தரையில் உட்கார்ந்து முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"கம்பெனிக்கே போயிடறேன்" என்றாள் உள்ளேயிருந்து. "காலரே தெச்சிகினு கெடக்கறேன்."

சாராள் அந்தப் பட்டையைக் கொடியில் விரித்துப் போட்டாள். நுரைக் கோட்டின் மேல் விரலை வைத்து ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போனாள். அவள் கையால் செய்த ஒரு பொருளைப் பார்த்து இந்த வீட்டிலோ அதற்கு முன்பிருந்த வீட்டிலோ யாரும் நின்று பேச்சிழந்தது கிடையாது. இன்றைக்குத் தம்பி அப்படி நின்றான்.

முகத்தைக் கழுவிக்கொண்டு, முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"ஜோஷ்வா, மீன்பாடி வண்டி எவனாண்டயாவது கேட்டு வாங்கு. ரெண்டு டிரம்மையும் ஏத்திகினு தோப்பாண்ட வா."

"எந்தத் தோப்பு?" என்றான் அவன். பிறகு, "அக்கா, வேணாம்க்கா" என்றான்.

அதற்குள் அவள் தெருவில் இறங்கிவிட்டாள்.

* * *

தோப்பில் பாதி மரம் மொட்டையாக நின்றது. வரப்பு இருந்த இடத்தில் லாரிச் சக்கரத் தடம். கிணற்று மேட்டில் தடித்த ரப்பர் குழாய் சுருண்டு கிடந்தது. மோட்டார் ரூம் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு கிழவர். முழங்கை எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. அவர்தான் ராஜாராம் என்று புரிய சாராளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"யாரு?" என்றார், கண்ணைச் சுருக்கிக்கொண்டு.

கையைக் கட்டிக்கொண்டு 'ஆண்டே' என்றுதான் அப்பா அவரைக் கூப்பிடுவார். அந்த வார்த்தை பழக்க தோஷத்தில் அவள் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினாள்.

"பெரியவரே, நான் மோசே மவ. சாராளு. எனக்குத் தண்ணி வேணும். ரெண்டு டிரம்மு."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். மறந்துவிட்டாரோ என்று நினைத்தாள். மறக்கவில்லை. பார்வை தரைக்குப் போனதில் தெரிந்தது.

"என்னாண்ட கேக்கற" என்றார். "இது இப்ப என் தண்ணி இல்லம்மா. என் பசங்க லீசுக்கு வுட்டுட்டானுங்க. கூடுவாஞ்சேரில வூடு கட்டிகினு போயிட்டானுங்க. நாலு மாசமா மெட்ராஸுக்கு லாரி லாரியா போவுது. காவலுக்கு என்னையே வெச்சிட்டானுங்க."

இருபத்திரண்டு வருஷமாக அவள் மனசுக்குள் இந்த மனிதரோடு சண்டை போட்டிருக்கிறாள். மாவு அரைக்கும்போது, துணி துவைக்கும்போது, கட்டியவன் அடித்த இரவுகளில்கூட. ஒவ்வொரு தடவையும் அவர் நிமிர்ந்து நின்று மறுப்பார், இவள் ஒன்று சொல்லுவாள். இப்படி, கொடுக்கவும் மறுக்கவும் வக்கில்லாமல் நாற்காலியில் குறுகி உட்கார்ந்திருப்பார் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. சேர்த்து வைத்த வார்த்தைகள் எதற்கும் உதவவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"சாவி யாராண்ட கீது?"

"என்னாண்டதான் கீது. ஆறு மணிக்கு அடுத்த லாரி. இப்ப அஞ்சரை." சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "அரை மணில ரெண்டு டிரம்மு ரொம்பிடும். உக்காரு, நானே போட்டு வுடறேன். அன்னிக்கு உங்கப்பன..."

"தண்ணியப் பத்தி மட்டும் பேசு பெரியவரே."

அவர் மோட்டார் ரூமைப் பார்த்து எழப் போனார்.

"நீ போட வேணாம்" என்றாள் சாராள். "சாவியக் குடு."

அவர் தயங்கினார். சாவியை எடுத்தார். அவள் கையை நீட்டிக்கொண்டே நின்றாள். கடைசியில் அதை அவள் உள்ளங்கையில் வைத்தார்.

மோட்டார் உறுமிக்கொண்டு கிளம்பியபோது மூன்று சக்கர மீன்பாடி வண்டி தோப்புக்குள் நுழைந்தது. ஜோஷ்வா மிதிக்க, ரூத் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வந்தாள். ரெண்டு பேரும் கிழவரைப் பார்த்தார்கள், சாராளைப் பார்த்தார்கள். ரூத் குழாயைத் தூக்கி முதல் டிரம்மில் விட்டாள். ஒரு கை அள்ளி வாயில் வைத்தாள். இனித்தது.

முதல் டிரம் நிறைந்தது. ரெண்டாவதில் கால்வாசி ஏறுவதற்குள் சாலைப் பக்கம் ஹாரன் கேட்டது.

"வந்துட்டானுங்க" என்று ராஜாராம் எழுந்துவிட்டார். "நேரத்தோட வந்துட்டானுங்க. நிறுத்து புள்ள. என்ன வேலைய வுட்டே தூக்கிடுவானுங்க."

"ரொம்பட்டும்" என்றாள் சாராள்.

டேங்கர் லாரி வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. இஞ்சினை அணைக்காமலே டிரைவர் குதித்து இறங்கினான். பின்னாலேயே இன்னும் ரெண்டு பேர்.

"யோவ் கிழவா! எவன்யா மோட்டார் போட்டது? தண்ணி எவன் வூட்டுக்குப் போவுது?"

ஜோஷ்வா முன்னால் வந்தான். அவன் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்துவிட்டு, சாராள் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நேராக அவர்களுக்கு எதிரே போய் நின்றாள்.

"எவனும் இல்ல. நான்தான் போட்டேன். மோசே மவ சாராளு. தண்ணி எங்க வூட்டுக்குப் போவுது."

ரூத் குழாயை டிரம்மை விட்டு எடுக்கவில்லை.